அத்தியாயம் 9: அடிக்கடி அறுந்துபோகும் ஹாட்ஸ்பாட்

போன கோடையில் ஒரு சனிக்கிழமை, அக்கா மகளுக்கு வீடியோவில் வேலைக்கான நேர்காணல். வீட்டு பிராட்பேண்ட் காலையிலேயே படுத்துவிட்டது. ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேர்த்தாள். கொஞ்ச நேரம் ஓடும், அறுந்துபோகும். மறுபடி சேர்ப்பாள், மறுபடி அறுந்துபோகும். "மாமா, திரும்பவும் போயிடுச்சு" என்று கூப்பிட்டாள். நேர்காணலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஃபோனை இரண்டு தடவை அணைத்துப் போட்டிருந்தாள். பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள். லேப்டாப்பில் வைஃபை டிரைவரை அழித்து மறுபடி நிறுவியிருந்தாள். யாரோ சொன்னார்கள் என்று ஆன்ட்டிவைரஸையும் தூக்கியிருந்தாள். இத்தனைக்கும் பிறகு சரியாகியிருந்தால்கூட எதனால் சரியானது என்று தெரிந்திருக்காது. சரியாகவில்லை, இப்போது எதையெல்லாம் திருப்பி வைப்பது என்பதும் சேர்ந்துகொண்டது.

அதனால் இந்த அத்தியாயத்தின் முதல் பகுதியில் எதையும் மாற்றப் போவதில்லை, பார்க்க மட்டும் போகிறோம். கையில் அவ்வளவு நேரமில்லாதவர்கள் கடைசியில் இருக்கும் கேபிள் பகுதிக்குப் போய் வேலையை முடித்துக்கொண்டு, பிறகு நிதானமாக இங்கே திரும்பி வரலாம்.

எந்தப் பக்கம் அறுகிறது?

ஹாட்ஸ்பாட் போட்ட ஃபோன் இரண்டு பக்கமும் கை நீட்டி நிற்கிறது. ஒரு கை லேப்டாப்பைப் பிடித்திருக்கிறது, அது வைஃபை. இன்னொரு கை செல்ஃபோன் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது. அது 4ஜி அல்லது 5ஜி. இரண்டில் எந்தக் கை நழுவினாலும் உங்கள் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்: பக்கம் திறக்கவில்லை, கூட்டத்தில் எதிரே இருப்பவர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறார். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. கோபுரப் பக்கம் கோளாறு இருக்கும்போது லேப்டாப்பில் டிரைவரை மாற்றுவது, குழாயில் தண்ணீர் வராததற்குப் பக்கெட்டை மாற்றுவது போல.

அடுத்த தடவை அறும்போது உடனே கையை வைக்காமல் லேப்டாப்பின் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் ஃபோனின் பெயர் இருந்து, அதன் கீழே 'கனெக்டட்' என்றோ 'நோ இன்டர்நெட்' என்றோ இருந்தால் வைஃபை கை கெட்டியாகத்தான் இருக்கிறது; பெரும்பாலும் கோபுரப் பக்கம்தான் சிக்கல். பெயர் இருக்கிறது, ஆனால் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்றால் வைஃபை பக்கம். பெயரே பட்டியலில் இல்லை என்றால் ஃபோன் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டது, அல்லது லேப்டாப்புக்கு எட்டாத அலைவரிசைக்கு மாறிவிட்டது.

இதைவிடத் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் விண்டோஸில் ஒரு பழைய கருவி இருக்கிறது. ஸ்டார்ட்டை அழுத்தி 'சிஎம்டி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கறுப்புச் சன்னல் ஒன்று திறக்கும். அதில் 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். வரிசையாக வரும் விவரங்களில் வைஃபை அடாப்டரின் கீழே 'டீஃபால்ட் கேட்வே' என்று ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் ஃபோனின் முகவரி. ஐஃபோன் என்றால் அது 172.20.10.1. பழைய ஆண்ட்ராய்டுகளில் 192.168.43.1 என்றே இருக்கும், புதியவற்றில் மாறிக்கொண்டிருக்கும்.

இப்போது அதே சன்னலில் 'பிங்' என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு அந்த முகவரியைப் போட்டு, மறுபடி இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் ஆங்கிலச் சின்ன 'டி' எழுத்தும் சேர்த்து என்டர் கொடுங்கள். நொடிக்கு ஒரு தடவை லேப்டாப் ஃபோனைக் கூப்பிட்டு "இருக்கிறாயா?" என்று கேட்கும், ஃபோன் பதில் சொல்லும். இன்னொரு கறுப்புச் சன்னலைத் திறந்து அதே கட்டளையை 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். ஃபோனைத் தாண்டி, கோபுரத்தைத் தாண்டி வெளியே இருப்பது. இரண்டு சன்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

அறுந்ததும் எட்டிப் பாருங்கள். ஃபோன் சன்னலில் பதில் ஒழுங்காக வந்துகொண்டிருக்க, வெளிச் சன்னலில் மட்டும் 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வரிசை கட்டினால் கோபுரப் பக்கம். இரண்டிலும் பதில் நின்றிருந்தால் வைஃபை பக்கம். இரண்டிலும் பதில் வருகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் அலுவலக விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ் போன்ற இடைத்தரகர்களை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். வெளிச் சன்னலில் பதில் வருகிறது, ஆனால் 50 மில்லிசெகண்டில் வந்தது 2,000, 3,000 என்று ஏறுகிறது என்றால் இணைப்பு அறவில்லை. ஏதோ ஒன்று அதை முழுசாக அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் வருகிறேன். பார்த்து முடித்ததும் கன்ட்ரோலையும் சி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் பிங் நின்றுவிடும்.

ஒரு அரை மணி நேரம் இப்படி ஓடவிட்டு, அறுந்த நேரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்: ஃபோன் வந்தது, சார்ஜர் கழன்றது, அடுப்பங்கரையில் மைக்ரோவேவ் ஓடியது, டீ குடிக்க எழுந்து போனேன். எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்கு அந்தத் தாளே விடையைச் சொல்லிவிடும்.

இரண்டு கஞ்சர்கள்

வைஃபை பக்கம்தான் என்று தெரிந்தால் முதல் சந்தேகம் மின்சேமிப்பின் மேல் இருக்கட்டும். ஃபோனும் லேப்டாப்பும் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பிறந்த கஞ்சர்கள். தனித்தனியே பார்த்தால் இருவர் செய்வதும் நியாயம்தான். சேரும்போதுதான் விபரீதம்.

அது நடக்கும் விதம் இப்படி. டீ குடிக்க எழுந்து போகிறீர்கள். லேப்டாப் தூங்கப் போகிறது. போகும்போது வைஃபையை விட்டுவிடுகிறது. ஃபோன் பார்க்கிறது: ஹாட்ஸ்பாட்டில் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அதுவும் கடையை அடைக்கிறது. ஆண்ட்ராய்டு பலவற்றில் இந்தப் பொறுமை 10 நிமிடம்தான். நீங்கள் வந்து லேப்டாப்பை எழுப்பினால் அது ஃபோனைத் தேடுகிறது, காணவில்லை. "ஹாட்ஸ்பாட் தானாக ஆஃப் ஆகிவிடுகிறது" என்று ஃபோனின் மேல் பழி. தொடங்கிவைத்தது லேப்டாப்.

முதலில் ஃபோனைக் கவனிப்போம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'டர்ன் ஆஃப் ஹாட்ஸ்பாட் ஆட்டோமேட்டிக்கலி' என்று இருப்பதை நிறுத்துங்கள். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், மொபைல் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங், மொபைல் ஹாட்ஸ்பாட் என்று உள்ளே போய் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் பாருங்கள். யாரும் சேராமல் இருந்தால் எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்ற கேள்வி இருக்கும். நேரமே வேண்டாம் என்று வையுங்கள். அதே பக்கத்தில் ஹாட்ஸ்பாட்டுக்கென்றே தனியாக ஒரு 'பவர் சேவிங் மோட்' இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பிறகு ஃபோனின் பொதுவான பேட்டரி சேவர், டேட்டா சேவர் இரண்டும் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டேட்டா சேவர் போட்டிருந்தால் ஹாட்ஸ்பாட்டைத் தொடவே விடாத ஆண்ட்ராய்டுகள் உண்டு.

ஐஃபோனில் நேரத்தை மாற்றும் இடம் கிடையாது. யாரும் சேராமல் திரை அணைந்துவிட்டால் அது சீக்கிரமே பதுங்கிவிடும். வழி ஒன்றுதான்: செட்டிங்ஸில் பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து, 'அலவ் அதர்ஸ் டு ஜாயின்' போட்டு, லேப்டாப் சேரும்வரை அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வராமல் இருப்பது. லேப்டாப் ஒட்டிக்கொண்ட பிறகு ஃபோனைப் பூட்டலாம். லோ பவர் மோடையும் அணைத்துவிடுங்கள்.

இனி லேப்டாப். அறுந்த நேரங்களை எழுதிய தாளை எடுங்கள். சார்ஜரில் இருக்கும்போது நன்றாக ஓடி, பேட்டரியில் இருக்கும்போது மட்டும் அறுகிறது என்று தெரிந்தால் குற்றவாளி கிட்டத்தட்டக் கையில் சிக்கிவிட்டான். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்தால் வைஃபை அல்லது வயர்லெஸ் என்ற பெயரோடு ஒன்று இருக்கும். அதன் ப்ராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மெண்ட்' என்ற தாளில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி என்று ஒரு பெட்டி டிக் ஆகியிருக்கும். டிக்கை எடுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், நடப்புத் திட்டத்தின் அட்வான்ஸ்ட் அமைப்புகளைத் திறந்து, 'வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ்' என்பதில் பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் 'மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்' வையுங்கள். சார்ஜருக்கு அப்படித்தான் இருக்கும். பேட்டரிக்குத்தான் பொதுவாக நடுத்தர மிச்சம் என்று வைத்து அனுப்புகிறார்கள்.

புது லேப்டாப்கள் பலவற்றில் இந்தத் தாளும் இருக்காது, அந்த வரியும் இருக்காது. உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. ஃபோன் மாதிரி அரைத்தூக்கம் தூங்கும் புதிய முறை வந்த பிறகு விண்டோஸ் அவற்றை ஒளித்துவிட்டது. அப்படிப்பட்ட லேப்டாப்பில் தூக்க நேரத்தை நீட்டுங்கள். மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் நெட்வொர்க் மேனேஜரில் வைஃபை மின்சேமிப்பை நிறுத்தினால் போதும்; அவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்காது.

அலைவரிசை நெரிசல்

மின்சேமிப்பைச் சரிசெய்தும் வைஃபை அறுகிறது என்றால் அலைவரிசையைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ் அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டில் ஒன்றில் பேசும். முதலாவது சுவர் தாண்டிப் போகும், ஆனால் சந்தைக்கடை. அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டு ரூட்டரும் அந்த மூன்றில்தான் முட்டிக்கொள்கின்றன. புளூடூத் ஹெட்ஃபோனும் மவுஸும் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இரைகிறது. இரண்டாவது விசாலமான சாலை. சுவர் வந்தால் சோர்ந்துவிடும். ஃபோனும் லேப்டாப்பும் ஒரே மேசையில் இருக்கின்றன என்றால் 5 கிகாஹெர்ட்ஸ்தான் என் சிபாரிசு. ஃபோன் ஒரு அறையிலும் லேப்டாப் இன்னொரு அறையிலும் இருந்தால் 2.4.

ஆண்ட்ராய்டில் இதை ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'பேண்ட்' என்ற இடத்தில் மாற்றலாம். ஐஃபோன் 12 முதல் வந்தவற்றில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, போட்டால் 2.4க்கு இறங்கும். வேகம் குறையும், ஆனால் பழைய லேப்டாப்கள் சண்டை போடாமல் ஒட்டிக்கொள்ளும். 2.4 மட்டுமே தெரிந்த பழைய வைஃபை கார்டு உள்ள லேப்டாப்புக்கு, 5இல் இருக்கும் ஹாட்ஸ்பாட் பட்டியலிலேயே தெரியாது. பெயரைக் காணோம் என்று தேடுபவர்கள் இதையும் நினைவில் வையுங்கள்.

பலர் நம்பாத ஒன்று: யுஎஸ்பி 3 வன்தட்டோ பென்டிரைவோ செருகியிருக்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறலாம். அவற்றிலிருந்து கசியும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. ஃபோனை வன்தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் மேசையின் அடுத்த பக்கத்துக்கு நகர்த்திப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

பாதுகாப்பு முறையும் சில நேரம் தகராறு செய்யும். புது ஃபோன்களின் ஹாட்ஸ்பாட் டபிள்யூபிஏ3 முறையில் இருக்கலாம். பழைய வைஃபை கார்டு அதில் சேர முடியாமலோ, சேர்ந்தும் நிலைக்காமலோ போகலாம். ஃபோனில் டபிள்யூபிஏ2க்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் பழைய இணைப்பை 'ஃபர்கெட்' செய்து, புதிதாகச் சேருங்கள். பாஸ்வேர்டே வேண்டாம் என்று 'ஓப்பன்' வைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உங்கள் டேட்டாவில் படம் பார்ப்பார்கள்.

இன்னொரு சில்லறை விஷயம். லேப்டாப்புக்கு முன்பே அறிமுகமான வேறொரு வைஃபை அக்கம்பக்கத்தில் இருந்தால் அது உங்களைக் கேட்காமல் அங்கே தாவிவிடலாம், முக்கியமாக வீட்டு ரூட்டர் உயிரோடு இருந்து அதற்கு இன்டர்நெட் மட்டும் இல்லாதபோது. அந்தப் பெயருக்கு 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி'யை எடுத்துவிடுங்கள். ரூட்டரின் சுவிட்சையே அணைத்துவிட்டாலும் சரி.

டிரைவரைப் பற்றி இரண்டு வரி. லேப்டாப் தயாரித்தவரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரைப் போடுங்கள். டிரைவர் தேடித் தருகிறேன் என்று வரும் இலவச மென்பொருள் எதையும் உள்ளே விடாதீர்கள். ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். எல்லாம் கைவிட்டால்தான் செட்டிங்ஸில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்'. அது சேமித்து வைத்த எல்லா வைஃபை பாஸ்வேர்டையும் துடைத்துவிடும். அலுவலக விபிஎன்னையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டிய காரியம், கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு செய்ய வேண்டியது அல்ல.

கோபுரப் பக்கம்

இங்கே முதலாவதாகச் சொல்ல வேண்டியது அக்கா மகள் விஷயம். அவள் ஃபோனில் இரண்டு சிம். ஒன்றில் டேட்டா பேக். இன்னொன்று பழைய எண். வங்கி ஓடிபி வருவதற்காக விடாமல் வைத்திருப்பது, நம்மில் பலரும் வைத்திருப்பது போல. சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இருப்பது அந்தப் பழைய எண்தான். நேர்காணல் என்று தெரிந்து காலையிலிருந்து பெரியம்மா, சித்தி, அத்தை என்று ஒவ்வொருவராக அதில் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான இரட்டை சிம் ஃபோன்களில் இரண்டு சிம்மும் காத்திருக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் முழுதாகப் பேசும். பழைய எண்ணில் அழைப்பை எடுத்த நொடியில் புது எண்ணின் டேட்டா நின்றுவிடுகிறது. வைஃபை அப்படியே இருக்கும். லேப்டாப் 'கனெக்டட்' என்றே சொல்லும். "மாமா, திரும்பவும் போயிடுச்சு" என்று அவள் என்னைக் கூப்பிட்டதும் அந்த எண்ணிலிருந்துதான். கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் திரும்பவும் போனது.

"அப்ப நான் போனை வைக்கிறேன், நீயும் யார் போனையும் எடுக்காதே" என்றேன். டிரைவரை மாற்றியிருக்க வேண்டாம், ஆன்ட்டிவைரஸை எடுத்திருக்க வேண்டாம்.

இதற்கு மூன்று வழி. முக்கியமான வேலை நேரத்தில் இரண்டாவது சிம்மை செட்டிங்ஸிலேயே அணைத்துவிடலாம். வேலை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். அல்லது அழைப்பின்போது டேட்டாவை அந்த சிம்முக்கே மாற்றிக்கொள்ளும் வசதியைப் போடலாம். ஐஃபோனில் 'அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்சிங்', ஆண்ட்ராய்டில் சிம் மேனேஜர் பக்கத்தில் அதுபோல ஒன்று இருக்கும். ஆனால் அந்த சிம்மிலும் டேட்டா பேக் இருக்க வேண்டும். மாறும் கணத்தில் இணைய முகவரியும் மாறுவதால் அலுவலக விபிஎன் அறுந்துவிடலாம். மூன்றாவது, எல்லாவற்றையும்விட எளியது: வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஃபோனில் டேட்டா சிம்மை மட்டும் போட்டு அதை ஹாட்ஸ்பாட்டுக்கென்றே ஒதுக்கிவிடுவது.

ஒரே சிம் உள்ளவர்களுக்கும் இது வரலாம். 4ஜியிலேயே அழைப்பைப் பேசவைக்கும் வோல்ட்டி அணைந்திருந்தால், அழைப்பு வந்ததும் ஃபோன் 4ஜியை விட்டுப் பழைய வலைக்கு இறங்குகிறது. டேட்டா நிற்கிறது அல்லது ஊர்கிறது. சிம் அமைப்புகளில் வோல்ட்டி போட்டிருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப் அழைப்புகள் டேட்டாவிலேயே போவதால் இந்தச் சண்டையில் சேராது.

அடுத்தது சிக்னல். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் 'அபௌட் ஃபோன்' பக்கத்தில் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் பல மாடல்களில் சிக்னல் பலம் டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்ணாக இருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க இருக்க நல்லது. 4ஜியில் மைனஸ் 90 என்றால் நிம்மதி. மைனஸ் 110ஐத் தாண்டினால் அறுவது சகஜம். ஃபோனை மேசையில், சன்னல் மேடையில், பால்கனிக் கதவருகில் என்று வைத்து ஒவ்வொரு இடத்திலும் எண்ணைப் பாருங்கள். கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் இரும்பு பீரோவும் சிக்னலை விழுங்கும். பத்து அடி நகர்த்தியதில் மைனஸ் 112 மைனஸ் 95 ஆனதைப் பார்த்திருக்கிறேன். ஃபோன் சிக்னல் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். லேப்டாப் அதைத் தேடி வரட்டும்.

எண் நன்றாக இருந்தும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மட்டும் இழுக்கிறது என்றால் ஒரே கோபுரத்தில் ஊரே தொங்குகிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, வேறு நிறுவனத்தின் சிம்மை முயல்வதைத் தவிர.

5ஜி விளிம்பில் இருக்கும் வீடுகளில் ஃபோன் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலிலும் சில நொடி இடறல். நெட்வொர்க் வகையை ஒரு நாள் 4ஜி என்றே வைத்துப் பாருங்கள். காகிதத்தில் வேகம் குறையும். கூட்டம் அறாமல் ஓடும். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

பிறகு தினசரி டேட்டா. இந்திய பிரீபெய்டு பேக்குகள் பலவும் நாளுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்ற அளவில் வருகின்றன. அது தீர்ந்ததும் இணைப்பு நிற்காது. 64 கேபிபிஎஸ் என்று ஆமை வேகத்துக்கு இறங்கும். லேப்டாப்புக்கு அது இணைப்பு இல்லாததற்குச் சமம். ஒரு மணி நேர வீடியோ கூட்டமே ஏறத்தாழ 1 ஜிபி தின்னும். காலையில் நன்றாக இருந்து மதியத்துக்கு மேல் தினமும் 'அறுகிறது' என்றால் முதலில் எஸ்எம்எஸ் பெட்டியைப் பாருங்கள். டேட்டா தீர்ந்தது என்ற செய்தி படிக்காமல் கிடக்கும்.

பெரும்பாலும் தின்றது நீங்களாக இருக்க மாட்டீர்கள். லேப்டாப் இதை வீட்டு வைஃபை என்று நினைத்துக்கொண்டு விண்டோஸ் அப்டேட்டை இறக்கும், படங்களை மேகத்துக்கு ஏற்றும். பிங் 3,000க்கு ஏறியதைச் சொன்னேனே, அதற்கும் இதுதான் வழக்கமான காரணம். வைஃபை செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' போடுங்கள். இது அளந்து விற்கும் தண்ணீர், பார்த்துக் குடி என்று விண்டோஸுக்குச் சொல்வது அது. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றைத் தனியாகவும் நிறுத்திவையுங்கள்.

சூடு

ஹாட்ஸ்பாட் ஓடும்போது ஃபோன் இரண்டு ரேடியோக்களை இடைவிடாமல் ஓட்டுகிறது. அதோடு சார்ஜிலும் இருந்து, தடித்த கவரும் போட்டு, சித்திரை வெயில் விழும் சன்னல் மேடையில் வைத்தால் கொதிக்காமல் என்ன செய்யும்? ஐஃபோனை 35 டிகிரி செல்சியஸுக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சூடு மீறினால் ஃபோன் திரையை மங்கலாக்கும், சார்ஜை நிறுத்தும், செல்லுலர் ரேடியோவின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் நம் ஊர் அறையே 35க்குக் குறைவதில்லை. கவரைக் கழற்றுங்கள், வெயில் படாத இடத்தில் திரை கீழே இருக்க வையுங்கள், மேசை விசிறி இருந்தால் அந்தக் காற்று படட்டும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், செய்யாதீர்கள். சேர்ந்து அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் அறுகிறது, அணைத்து வைத்தால் மறுபடி அரை மணி ஓடுகிறது என்ற வகைக் கோளாறுக்கு நான் முதலில் ஃபோனின் முதுகைத் தொட்டுப் பார்ப்பேன்.

கேபிள்

வைஃபை பக்கத்துக் கோளாறு முழுவதையும் ஒரே அடியில் தாண்டிப் போக வேண்டுமானால் யுஎஸ்பி கேபிள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கோபுரப் பக்கம் சிக்கல் இருப்பவர்கள் கேபிளைச் செருகிவிட்டு "அதே கதை" என்று வந்து நிற்பார்கள்.

ஆண்ட்ராய்டைக் கேபிளில் லேப்டாப்போடு சேர்த்து, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'யுஎஸ்பி டெதரிங்' சுவிட்சைப் போடுங்கள். லேப்டாப்பில் அது ஈதர்நெட் என்று தோன்றும். சுவிட்ச் சாம்பல் நிறத்தில் தொட முடியாமல் இருந்தால் கேபிள் சார்ஜுக்கு மட்டுமானதாக இருக்கும். மலிவான கேபிள்களில் டேட்டாவுக்கான கம்பியே இருக்காது. ஃபோனோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுங்கள். ஐஃபோன் என்றால் விண்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது 'ஆப்பிள் டிவைசஸ்' என்ற செயலி இருக்க வேண்டும். ஃபோன் திரையில் கேட்கும்போது 'ட்ரஸ்ட்' கொடுக்க வேண்டும். நெட் இல்லாத நேரத்தில் இந்தச் செயலியை இறக்க முடியாது என்பதால், இன்றைக்கே இறக்கி வைத்துவிடுங்கள்.

கேபிள் சேர்ந்ததும் லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். ஃபோனின் வைஃபை ஹாட்ஸ்பாட்டையும் அணையுங்கள். சூடு குறையும். 'மீட்டர்ட்' என்பதை இந்த ஈதர்நெட்டுக்கும் தனியாகப் போட வேண்டும். வைஃபைக்குப் போட்டது இதற்குச் செல்லாது. ஃபோன் லேப்டாப்பிலிருந்து சார்ஜ் உறிஞ்சும். கரண்ட் போன நேரத்தில் அது லேப்டாப் பேட்டரிக்குச் செலவு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேபிளும் இல்லை, மின்னஞ்சல் ஒன்று அனுப்பினால் போதும் என்ற நிலையில் புளூடூத் டெதரிங் கைகொடுக்கும். வேகம் ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் தாண்டாது, வீடியோவுக்கு ஆகாது. ஆனால் பேட்டரியைக் கொஞ்சமாகத்தான் தின்னும்.

வேலை முடிந்து வீட்டு இன்டர்நெட் திரும்பியதும் மாற்றியவற்றில் இரண்டை மட்டும் மறக்காமல் பழையபடி வையுங்கள். ஒன்று, ஃபோனில் ஹாட்ஸ்பாட் தானாக அணையும் நேரம். இல்லாவிட்டால் இரவெல்லாம் எரிந்து காலையில் ஃபோன் செத்துக் கிடக்கும். இன்னொன்று, அணைத்து வைத்த இரண்டாவது சிம். அக்கா மகள் அதை மறந்துவிட்டு, மறுநாள் வங்கி ஓடிபி வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள்.